போது முதல் செம்மல் வரை

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். ஆனியும் ஆடியும் முதுவேனிற் காலம். தில்லி மாநகரின் வானிலை இப்பகுப்புக்கு முழுவதும் இணங்குவதில்லை. அங்கே சித்திரை பிறக்கும்போதே வெயில் முதிரத் தொடங்கிவிடுகிறது. ஏப்ரல் நடுவில் பகல் வெப்பம் 36, 37 பாகை செல்சியசைத் தொடும். மே மாதத்தில் அது 40 பாகையைக் கடக்கும் நாள்கள் பல. மேற்கிலிருந்து ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும். குளிர்காலம் முழுவதும் வண்ணமயமாய் விளங்கிய தோட்டங்கள் சில வாரங்களில் கருகிப்போகும்.

அவ்வாறு கருகுவதற்கு முன், வீட்டுத் தோட்டங்களில் இரு பருவத்துப் பூக்களை ஒருங்கே காணலாம். முந்தைய ஐப்பசியில் விதைத்த ஹாலிஹாக், ஆளுயரத் தண்டுகளில் தன் கடைசிப் பூக்களைத் தாங்கி நிற்கும். ரோஜா, கோடைக்கு முந்திய இறுதிச் சுற்றைப் பூக்கும். மஞ்சளும் சிவப்புமான கெயிலார்டியா வெயிலுக்கு அஞ்சாமல் விரியும். குண்டுமல்லி அப்போதுதான் முதல் மொட்டுகளை விடும். விடைபெறும் பூக்களும் வருகை தரும் பூக்களும் ஒரே பாத்தியில் நிற்கும் நாள்கள் அவை.

பத்தடித் தோட்டம்

தில்லியில் மைய அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்துவந்தது. வீட்டின் முன்புறம் பத்தடி அகலமுள்ள ஒரு துண்டு நிலம். அதனைத் தோட்டமாக்கியவர் அவ்வீட்டு அப்பத்தா. தந்தையைப் பெற்ற பாட்டியை மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் அப்பத்தா என்று அழைப்பர். அவர் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற அந்த வட்டாரத்தில், பெண்கள் பேசிக்கொண்டே பூத்தொடுப்பர். கண் பூவின்மேல் இராது, விரல்கள் மட்டும் தவறாமல் இயங்கும். அப்பத்தாவின் விரல்களும் ஒரு காலத்தில் அவ்வாறே இயங்கியவை. முதுமையில் கைந்நடுக்கம் வந்தபின் அவரால் முடிச்சிட இயலவில்லை. விதை ஊன்றவும் நீர் ஊற்றவும் மட்டுமே அக்கைகள் உதவின.

எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்தி அவருக்குத் துணையானாள். ஹாலிஹாக் விதைகளை மண்ணில் ஊன்றியவள் அவளே. பனி மூடிய சனவரிக் காலையிலும் நாற்றுகளைப் பார்க்காமல் அவள் பள்ளிக்குச் சென்றதில்லை.

பேத்தி பூக்களை இந்திப் பெயர்களால் அறிந்திருந்தாள். அப்பத்தா அவற்றைத் தமிழில் அழைத்தார். மோக்ரா என்று அவள் சொல்வது குண்டுமல்லி. கேந்தா என்பது செண்டுமல்லி. சாந்தினி என்பது நந்தியாவட்டை. குடஹல் என்பது செம்பருத்தி. கனேர் என்பது அரளி. குடியிருப்புச் சாலையில் மே மாதம் பொன்னாய்த் தொங்கும் அமல்தாஸ், சரக்கொன்றை. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற புகழ்மிக்க மதுரை மல்லியும், தில்லிச் சாலைச் சந்திப்புகளில் விற்கப்படும் மோக்ராவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று அறிந்தபோது அவள் வியந்தாள்.

ஹாலிஹாக்குக்கு மட்டும் அப்பத்தாவிடம் பெயர் இல்லை. அவர் ஊரில் அச்செடி வளர்ந்ததில்லை. “பார்த்தால் செம்பருத்தி மாதிரி இருக்கிறது, வெண்டைப்பூ மாதிரியும் இருக்கிறது” என்பார். தாவரவியலும் அதனையே கூறுகிறது. செம்பருத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு, ஹாலிஹாக் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. படியாத அப்பத்தாவின் கண், உறவைச் சரியாகவே கண்டறிந்திருந்தது.

ஒரு நண்பகல்

மார்ச் மாத இறுதியில் தந்தைக்கு ஜபல்பூருக்கு மாறுதல் ஆணை வந்தது. மே முடிவதற்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். பேத்திக்கு அது மூன்றாவது ஊர், மூன்றாவது பள்ளி. அவள் எதுவும் பேசவில்லை. ஏப்ரலில் ஒரு நாள், பள்ளியிலிருந்து திரும்பியவள் நண்பகல் வெயிலிலேயே கத்தரிக்கோலை எடுத்துத் தோட்டத்தில் இறங்கினாள். கைக்கு எட்டிய பூக்களையெல்லாம் வெட்டினாள். விரிந்தவை, விரியாதவை என்று அவள் பார்க்கவில்லை. “எப்படியும் விட்டுவிட்டுத்தானே போகப்போகிறோம்” என்றாள்.

வெட்டியவற்றைத் தரையில் குவித்து, பிறகு நிதானமாக ஒரு கண்ணாடிப் புட்டியில் திணித்தாள். உணவு மேசையின்மேல், மின்விசிறிக்கு நேர் கீழே, மாம்பழத் தட்டை ஒட்டிப் புட்டி வைக்கப்பட்டது. தில்லியில் ‘சபேதா’ என விற்கப்படும் பங்கனபள்ளி மாம்பழங்கள் அவை. மாலைக்குள் ஹாலிஹாக் தலைகுனிந்தது. விரியாத ரோஜா மொட்டுகள் கழுத்து மடங்கித் தொங்கின. இரவு உணவின்போது மேசையெங்கும் இதழ்கள் சிதறிக் கிடந்தன.

அப்பத்தாவுக்குப் பூவைப் புட்டியில் வைக்கும் வழக்கமே புதிது. பூ என்றால் கூந்தலுக்கு, இல்லையேல் தெய்வத்துக்கு. நீர் நிறைந்த புட்டிக்குப் பூ எதற்கு என்று அவர் பலமுறை கேட்டதுண்டு. அன்று அவர் அதனைக் கேட்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. வாடிய பூக்களை முறத்தில் அள்ளி, குண்டுமல்லிச் செடியின் வேரருகே இட்டார். “நாளை விடியலில் என்னோடு வா, தாயி” என்று மட்டும் கூறினார்.

விடியலில் கற்றவை

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு இருவரும் தோட்டத்தில் நின்றனர். அப்பத்தாவின் கையில் கால்வாளி நீர் இருந்தது. பூ வெட்டச் செல்பவர் முதலில் எடுத்துச்செல்ல வேண்டியது கத்தரிக்கோலை அன்று, நீரை என்பது அவர் கற்பித்த முதற்பாடம்.

இரவு முழுவதும் வேர் நீரை உறிஞ்சியிருப்பதால், விடியலில் தண்டும் இலையும் இதழும் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். நண்பகலில் இலைகள் நீரை வேகமாக ஆவியாக்கிவிடும். அப்போது வெட்டிய பூ, தாகத்தோடு வெட்டப்பட்ட பூ. மேலும், தண்டினுள் நீரை மேலே கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் உள்ளன. வெட்டிய காம்பு நீரின்றிக் கிடந்தால் அக்குழாய்களில் காற்று புகுந்து வழியை அடைத்துவிடும். பின்னர்ப் புட்டி நிறைய நீர் இருந்தாலும் பூவுக்கு அது எட்டாது. எனவே வெட்டிய கணமே காம்பை நீரில் இட வேண்டும். புட்டியில் வைக்கும்போது, காம்பின் அடியை நீருக்குள் அமிழ்த்தி, ஒரு விரற்கடை அளவு மீண்டும் சாய்வாக நறுக்க வேண்டும். சாய்வாக நறுக்கினால் வாய் அகலும். கலத்தின் அடியில் காம்பு ஒட்டி அடைபடாது.

நீருக்குள் மூழ்கும் இலைகளை நீக்கிவிட வேண்டும். அவை அழுகினால் நுண்ணுயிர்கள் பெருகிக் காம்பின் வழியை அடைக்கும். செண்டுமல்லியின் இலைகள் இவ்வகையில் மிக விரைவாக நீரைக் கெடுப்பவை. நாள்தோறும் நீரை மாற்றுவதே எல்லா மருந்தினும் சிறந்த மருந்து. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சிறிது எலுமிச்சைச் சாறும் கலப்பவர் உண்டு. சர்க்கரை பூவுக்கு உணவாகும். எலுமிச்சையின் புளிப்பு நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தணிக்கும். சர்க்கரையை மட்டும் இட்டால் அது நுண்ணுயிர்களுக்கே விருந்தாகிவிடும்.

மாம்பழத் தட்டு செய்த தீங்கைப் பேத்தி தன் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு அறிந்தாள். கனியும் பழங்கள் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. பழத்தைக் கனியச்செய்யும் அதே வாயு, பூவை விரைவில் மூப்படையச் செய்கிறது. ஆகவே பழமும் பூவும் ஒரே மேசையில் நெருங்கி இருத்தல் ஆகாது. மின்விசிறிக் காற்றும் இதழின் ஈரத்தைக் கவர்ந்துவிடும்.

ஹாலிஹாக்கின் காம்பு வெட்டியதும் எளிதில் துவள்வது. அதன் அடியை அரை நிமிடம் சுடுநீரில் நனைத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆழமாக நிறுத்தி வைத்தால் அது நிமிர்ந்து நிற்கும். இவ்வேலையை அம்மாதான் செய்ய வேண்டும் என்பது வீட்டில் விதி. வேலியோரத்து அரளியை மட்டும் வெட்டக்கூடாது என்று அப்பத்தா தடுத்தார். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. அதன் பால் கையிலும் கண்ணிலும் படலாகாது. குழந்தைகள் நடமாடும் வீட்டு மேசைக்கு அது ஏற்றதன்று.

ஐந்து சொற்கள்

எந்தப் பூவை எப்போது வெட்டுவது என்பதே மிக நுட்பமான பகுதி. முதல்நாள் பேத்தி வெட்டிய ரோஜா மொட்டுகள் ஒருபோதும் விரியவில்லை. முழுதும் விரிந்திருந்த ரோஜாக்களோ அன்றிரவே உதிர்ந்தன. இரண்டுக்கும் இடையில் ஒரு நிலை உண்டு. அதனை அறியத் தமிழில் சொற்கள் உள்ளன.

பூ தோன்றும் நிலை அரும்பு. விரியத் தொடங்கும் நிலை போது. விரிந்த நிலை மலர். செடியிலிருந்து கீழே விழுந்த நிலை வீ. வாடிய நிலை செம்மல். ‘பூ’ என்னும் ஒரே சொல்லால் அனைத்தையும் குறித்துவிட முடியும்; ஆயினும் நம் முன்னோர் ஒவ்வொரு நிலையையும் உற்றுநோக்கிப் பெயரிட்டனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களைத் தொடுத்துரைத்ததும் அத்தகைய உற்றுநோக்கலின் பயனே.

இச்சொற்கள் பாடநூலில் மனப்பாடம் செய்வதற்கு மட்டும் உரியவை அல்ல. தோட்டத்தில் கைக்கு வழிகாட்டுபவை. ரோஜாவைப் போதாக வெட்ட வேண்டும். அதன் பச்சைப் புல்லிகள் பின்னோக்கி மடிந்து, வெளியிதழ் ஒன்றிரண்டு நெகிழத் தொடங்கும் நேரம் அது. ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலைக்குச் சற்று மேலே வெட்டினால், அவ்விடத்திலிருந்து புதுத்தளிர் கிளைக்கும். செண்டுமல்லியையும் கெயிலார்டியாவையும் மலராகவே வெட்ட வேண்டும். அவை போதாக வெட்டப்பட்டால் புட்டியில் விரிவதில்லை. ஹாலிஹாக்கின் ஒரே தண்டில் அடியில் மலர், நடுவில் போது, நுனியில் அரும்பு என மூன்று நிலைகளும் ஏணிபோல் அமைந்திருக்கும். அடிப்பூக்கள் சில விரிந்தவுடன் அதனை வெட்டலாம். குண்டுமல்லியையோ, அது விரியும் முன்பே, வெயில் ஏறாத காலையில் மொட்டாகப் பறிக்க வேண்டும். அன்று மாலைக்குமேல் அது மணத்தோடு விரியும்.

“பூவுக்குப் பூ நேரம் வேறு, தாயி. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால் எதுவும் நம் கையில் நிற்காது” என்றார் அப்பத்தா. பேத்தி தலையசைத்தாள். மாறுதல் ஆணை வந்தபின் அவள் அவரோடு நெடுநேரம் நின்றது அன்றுதான்.

கலங்களும் பூக்களும்

அன்றுமுதல் மூன்று வாரங்கள், நாளுக்கு ஐந்தாறு பூக்களுக்கு மேல் அவர்கள் வெட்டவில்லை. கடையில் பூங்கலம் எதுவும் வாங்கவில்லை. அடுக்களையிலிருந்த பித்தளைச் செம்பும், கழுவிவைத்த ஊறுகாய்ப் புட்டிகளும், ஊரிலிருந்து கொண்டுவந்த உருளியும் போதுமானவையாக இருந்தன.

உயரமான ஹாலிஹாக் பித்தளைச் செம்புக்குச் சென்றது. கலத்தின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பூ மேலெழுந்து நின்றால் பார்வைக்கு இசைவாக இருக்கும். உயர்ந்தது பின்னால், தாழ்ந்தது முன்னால். பூக்கள் ஒன்றையொன்று நெருக்காமல், இடையே காற்றும் ஒளியும் புக இடம் இருக்க வேண்டும். மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் வைத்தால் அணிவகுப்புப்போல் தோன்றாது. தோட்டத்தில் நிற்பதுபோலவே தோன்றும். குட்டைக் காம்புடைய ரோஜாக்கள் ஊறுகாய்ப் புட்டிகளில் அமர்ந்தன. காம்பே இல்லாத நந்தியாவட்டைப் பூக்கள் உருளியின் நீரில் மிதந்தன. அம்மிதப்பைக் கண்டபோது அப்பத்தாவின் முகம் மலர்ந்தது. “இது நம் ஊர் முறை” என்றார். புட்டியில் பூ வைப்பதைப் பற்றி அவர் அதன்பின் குறைகூறவில்லை.

நிறைந்த புட்டிகள் வீட்டிலேயே தங்கவில்லை. ஒன்று, மாடியில் தனித்து வாழும் வங்காள மூதாட்டிக்குச் சென்றது. மற்றொன்று, எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்துக்கு. இன்னொன்று குடியிருப்பின் காவலர் அமரும் மேசைக்கு. ஒவ்வொரு புட்டியையும் பேத்தியே எடுத்துச்சென்றாள். நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும் என்றும், பழத்தின் அருகில் வைக்க வேண்டா என்றும் இந்தியில் விளக்கினாள். விடைபெறும் செய்தியை வாயால் சொல்ல அவளுக்குத் தயக்கமாக இருந்தது. புட்டியை நீட்டியபோது அது எளிதாயிற்று.

இரண்டு தண்டுகளை மட்டும் வெட்டவே கூடாது என்று அப்பத்தா முன்பே நூல்கட்டி அடையாளமிட்டிருந்தார். ஒன்று கருஞ்சிவப்பு, மற்றொன்று வெண்மை. “செடிக்கும் ஒரு பங்கு உண்டு” என்பது அவர் கொள்கை. குண்டுமல்லியையும் பெயர்த்தெடுக்க அவர் இசையவில்லை. “நாம் போனால் என்ன? இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் மல்லிகை பூக்க வேண்டாமா?” என்றார்.

முடிச்சு

குண்டுமல்லி மொட்டுகள் மிகுந்தபோது வேறொரு வினா எழுந்தது. அவை புட்டிக்கு உரியவை அல்ல, தொடுப்பதற்கு உரியவை. தொடுக்க அறிந்த கைகளோ நடுங்கின. நடுங்காத கைகளுக்குத் தொடுக்கத் தெரியவில்லை.

அப்பத்தா வாய்மொழியாகவே கற்பித்தார். பூவில் ஊசியை ஏற்றிச் செலுத்தினால் அது கோத்தல். நாரிலோ நூலிலோ முடிச்சிட்டுக் கட்டினால் அது தொடுத்தல். ஊரில் வாழைநார் கிடைக்கும். தில்லியில் நனைத்த பருத்திநூல் அதற்கு ஈடாயிற்று. இரண்டு மொட்டுகள் ஒருபுறம், இரண்டு மொட்டுகள் மறுபுறம், காம்புகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று. நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையமிட்டு, அவ்வளையத்தைக் காம்புகளின்மேல் மாட்டி இழுக்க வேண்டும். மெல்ல இழுத்தால் பூ நழுவும். வலிந்து இழுத்தால் காம்பு அறுபடும். “பூவுக்கு நோகக்கூடாது, நூலுக்கும் தளரக்கூடாது” என்று அப்பத்தா மீண்டும் மீண்டும் கூறினார்.

முதல் மூன்று நாள்கள் பூக்கள் நழுவின. நான்காம் நாள் ஒரு சாண் நீளம் நின்றது. மே மாத நடுவில் ஒரு முழம் நிறைவெய்தியது. அது சற்றுக் கோணலாக இருந்தது. அப்பத்தா அதனைத் தெய்வப் படத்துக்குச் சூட்டவில்லை. பேத்தியைத் திரும்பி அமரச்செய்து, நடுங்கும் விரல்களால் அவள் கூந்தலிலேயே சூட்டினார்.

விதை

மேசையில் இருந்த பூக்கள் ஐந்தாறு நாள்களில் ஒவ்வொன்றாக வாடின. பேத்தி இப்போது அவற்றைக் குப்பையில் எறிவதில்லை. செம்மலான பூக்களைச் செடிகளின் வேரருகே இட்டாள். லூ வீசத் தொடங்கியது. தோட்டத்தில் நூல்கட்டிய இரண்டு தண்டுகள் மட்டும் பழுப்பேறி நின்றன. அவற்றின் பூ இருந்த இடங்களில், தட்டையான விதைகள் ஒன்றையொன்று ஒட்டி வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன.

பொருள்களைக் கட்டும் நாளில் பேத்தி அவ்விதைகளை உதிர்த்து, நாளிதழ்த் தாளில் மடித்தாள். ஜபல்பூரிலும் குளிர்காலம் உண்டு. அங்கும் அவை முளைக்கும். பொட்டலத்தின்மேல் பெயர் எழுத வேண்டும். அச்செடிக்குத் தமிழ்ப் பெயர் எதுவும் அவள் வீட்டில் வழங்கவில்லை. அவள் சிறிது நேரம் எண்ணிப்பார்த்தாள். அடியில் அகன்று, நுனியில் குறுகி, நிலைநிலையாகப் பூத்து நின்ற அந்த உயர்ந்த தண்டை நினைவுகூர்ந்தாள். பிறகு தமிழில் எழுதினாள்:

“கோபுரச் செம்பருத்தி. ஐப்பசியில் விதைக்க.”

பயிற்சி

1. நண்பகலில் வெட்டிய பூக்கள் விரைவில் வாடியதற்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.

2. அரும்பு, போது, மலர், வீ, செம்மல் ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.

3. கோத்தல், தொடுத்தல் இவற்றிடையே உள்ள வேறுபாடு யாது?

4. “செடிக்கும் ஒரு பங்கு உண்டு” என்று அப்பத்தா கூறியதன் பொருளை உம் சொற்களில் விளக்குக.

5. நீவிர் வாழும் ஊரில் காணப்படும் ஐந்து பூக்களின் உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டறிந்து, வீட்டுப் பெரியோரின் துணையுடன் அவற்றின் தமிழ்ப் பெயர்களை எழுதுக. தமிழ்ப் பெயர் கிடைக்காத பூவுக்கு நீவிரே ஒரு பெயர் சூட்டி, அதற்குரிய காரணத்தையும் கூறுக.